புதுப்பிப்பு: லைட்னிங் பிக்கப்பில் பின் சக்கரத் துள்ளல் நின்றது

2001 ஃபோர்டு லைட்னிங், 5.4 லிட்டர் சூப்பர்சார்ஜர். டிராக் ரேஸில் (கால் மைல் நேர்ப்பாதைப் பந்தயம்) கிளம்பும்போது பின் சக்கரங்கள் துள்ளி, முதல் 60 அடிக்கே 2.2 விநாடி போகிறது, என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் டிராக் ரேடியல் (பந்தயத்துக்கான, பிடிப்பு அதிகமுள்ள) டயர் மாட்டி, காற்றை 20 பிஎஸ்ஐக்கு இறக்கினேன். பிடிப்பு கூடியது, துள்ளலோ இன்னும் மோசம்! பக்கவாட்டில் எடுத்த வீடியோவில் ஆக்சில் முறுக்கிக்கொண்டு லீஃப் ஸ்பிரிங் (அதைத் தாங்கும் பட்டை வில்) எஸ் வடிவில் வளைவது தெளிவாகத் தெரிந்தது. டிராக்‌ஷன் பார் (ஆக்சில் முறுக்காமல் தடுக்கும் கம்பி) போடச் சொன்னவர் சொன்னதுதான் சரி. போட்டதும் துள்ளல் அடியோடு நின்றது. இப்போது 60 அடி 1.95 விநாடி, கால் மைல் 13.9லிருந்து 13.5 விநாடி. பின்பெட்டியில் மணல் மூட்டை வைக்கும் யோசனைக்கு வேலையே இல்லாமல் போனது.

எதிர்பாராதது: முடிவுக் கோட்டில் வேகம் கிட்டத்தட்ட அதேதான். ஆக, கிடைத்த நேரம் முழுக்கத் தொடக்கத்தில் வந்தது. அப்புறம், ஓடுமுன் பின் டயரை நனைத்துச் சுழற்றிச் சூடாக்கும் தண்ணீர்ப் பள்ளத்தைச் சுற்றிப் போய், பின் சக்கரங்களை மட்டும் ஈர விளிம்புக்குப் பின்னோக்கி எடுங்கள். முன் டயர் நனைந்தால் அந்த ஈரம் தொடக்கக் கோடு வரை கூடவே வரும். அடுத்தடுத்து ஓடினால் சூப்பர்சார்ஜர் சூடேறி நேரம் கூடுகிறது. பானட்டைத் திறந்து ஆறவிடுவது நல்லது.