எட்டு நிமிட உளவியல் திரில்லர்: தேயிலைத் தொழிற்சாலையில் படமாக்க ஆலோசனை வேண்டும்

கேள்வி: கோத்தகிரி மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் காட்சித் தொடர்பியல் இறுதியாண்டு மாணவி. திட்டப்பணிக்காக நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து எட்டு நிமிட உளவியல் திரில்லர் ஒன்றை எடுக்கவிருக்கிறோம். கதை கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நடக்கிறது. சிறு விவசாயிகள் கொண்டுவரும் பசுந்தேயிலையை எடை போட்டுப் பதிவேட்டில் எழுதும் பெண், ஒரு நாள் காலையில் ஏட்டைப் பிரிக்கும்போது, தான் எழுதாத ஒரு வரி தன் கையெழுத்திலேயே இருப்பதைக் காண்கிறாள். அந்த வரியில் இருப்பது இறந்துபோன அவளுடைய அண்ணனின் பெயரும், அவன் கடைசியாகக் கொண்டுவந்த இலையின் எடையும். மறுநாளும் அதே வரி வருகிறது. இரவுக் காவலாளிதான் தன் எழுத்தைப் போல எழுதி மிரட்டுகிறார் என்று நம்பத் தொடங்குகிறாள். அவளுக்கு ஸ்கிசோஃப்ரினியா இருக்கிறது, அவளுக்குள் இருக்கும் இன்னொருத்திதான் எழுதினாள் என்பது கடைசிக் காட்சியில் தெரியவரும்.

துறையின் டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றும், சட்டையில் குத்தும் மைக் ஒன்றும், கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் எங்களிடம் உள்ளன. தொழிற்சாலை உரிமையாளர் வாய்மொழியாகச் சம்மதித்திருக்கிறார். தேயிலைத் தோட்டத்தில் இரவில், பனிமூட்டத்துக்கு நடுவே அவள் தனியாக நடந்து போகும் காட்சிகள் நிறைய வைத்திருக்கிறோம். இந்தக் கதை எட்டு நிமிடத்தில் நிற்குமா, எதை முதலில் திட்டமிட வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: படத்தொகுப்பாளர், குன்னூர்

தங்கைக்கு வணக்கம். உங்கள் கதையின் பலம் அந்தப் பதிவேடு. மாணவர் படங்களில் பயம் பெரும்பாலும் இருட்டு வராந்தாவிலும் கண்ணாடியிலும்தான் தேடப்படுகிறது. உங்களுடைய பயமோ மேசை மேல் விரித்து வைக்கக்கூடிய ஒரு தாளில் இருக்கிறது; அதைக் கேமராவால் அருகில் போய்ப் பார்க்க முடியும்.

ஆனால் உண்மையைக் கடைசிக் காட்சி வரை மறைத்து வைக்கும் திட்டத்தை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். இரண்டே பாத்திரங்கள் உள்ள எட்டு நிமிடப் படத்தில், எழுதியது அவளேதான் என்பதை மூன்றாவது நிமிடத்திலேயே பலர் ஊகித்துவிடுவார்கள். அதன் பிறகு அவர்கள் செய்வதெல்லாம் தங்கள் ஊகம் சரிதானா என்று காத்திருப்பது மட்டுமே. அதற்குப் பதிலாகப் படத்தின் நடுப்பகுதியிலேயே, அவள் அறியாமல் எழுதுவதைப் பார்வையாளருக்குக் காட்டிவிடுங்கள். அவளுக்கு மட்டும் தெரியக்கூடாது. அந்தக் கணத்திலிருந்து படத்தின் பயம் இடம் மாறிவிடும். அதுவரை அவளுக்காகப் பயந்தவர்கள், அவள் குற்றம் சாட்டப்போகும் காவலாளிக்காகப் பயப்படுவார்கள். அவள் உண்மையை அறியும்போது என்ன ஆவாளோ என்றும் பயப்படுவார்கள். திரைக்கதையின் ஒவ்வொரு காட்சிக்கும் மேலே இரண்டு வரி எழுதுங்கள்: இந்த இடத்தில் அவளுக்கு என்ன தெரியும், பார்ப்பவருக்கு என்ன தெரியும். இரண்டும் ஒன்றாகவே தொடர்ந்து வரும் காட்சிகளில் பதற்றம் இருக்காது. அவற்றைச் சுருக்குங்கள், அல்லது நீக்குங்கள்.

துப்பை முகபாவத்தில் வைக்காமல் எழுத்தில் வையுங்கள். உதாரணமாக, அவள் 7 என்ற எண்ணை நடுவே ஒரு குறுக்குக் கோடு போட்டு எழுதும் வழக்கமுள்ளவள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நிமிடத்தில் சாதாரணமாக எடை எழுதும்போதே அந்தக் கோட்டைப் பெரிதாகக் காட்டிவிடுங்கள். யாரும் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள். மர்ம வரியில் அதே கோடு வரும்போது கவனமாகப் பார்ப்பவருக்கு உடம்பு சிலிர்க்கும், வசனம் எதுவும் தேவைப்படாது. இதற்காகப் பதிவேட்டை நடிகையே தன் கையால் எழுத வேண்டும். ஒரே மாதிரியான ஏடுகள் மூன்று வாங்கி, ஒரே பேனாவால், தேதி வரிசை மாறாமல் முன்கூட்டியே நிரப்பி வையுங்கள். வரி வருவதற்கு முந்தைய நிலைக்கு ஒன்று, வந்த பிறகு ஒன்று, இரவில் கேமரா முன் எழுதுவதற்கு ஒன்று. காட்சிகளை நீங்கள் கதை வரிசைப்படி எடுக்கப்போவதில்லை, இடத்தின் வரிசைப்படிதான் எடுப்பீர்கள் என்பதால், இந்த ஏற்பாடு இல்லையென்றால் தொகுப்பு மேசையில் தேதிகள் முன்னும் பின்னுமாக வந்து நிற்கும்.

நடிகையிடம் பயத்தை நடித்துக் காட்டச் சொல்ல வேண்டாம். சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு நடிகரின் ஒரே முகக் காட்சியை ஒரு முறை சூப்புக் கிண்ணத்தோடும் ஒரு முறை சவப்பெட்டியோடும் சேர்த்துக் காட்டியபோது, பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துயரத்தையும் கண்டார்கள் என்பதை வகுப்பில் படித்திருப்பீர்கள். அந்தப் பாடம் வேறு எந்த வகைப் படத்தைவிடவும் உங்களுக்குத்தான் அதிகம் பயன்படும். அவள் ஏட்டைப் பார்க்கும் முகத்தை அமைதியாக, நீளமாக எடுங்கள். ஏட்டின் பக்கத்தைத் தனியாக, ஒருவர் நிதானமாக இரண்டு முறை படித்து முடிக்கும் அளவுக்கு எடுங்கள். இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டும் வெட்டே பயத்தை உண்டாக்கும்.

நீளத்தைப் பொறுத்தவரை, ஒரு பக்கத் திரைக்கதை ஏறக்குறைய ஒரு நிமிடம். எட்டுப் பக்கத்தைத் தாண்டினால் எழுதும் கட்டத்திலேயே குறையுங்கள்.

பதில்: ஒளிப்பதிவு உதவியாளர், உதகை

படத்தொகுப்பாளர் அண்ணன் சொன்ன மாற்றத்தை நானும் ஆதரிக்கிறேன். படப்பிடிப்பு பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தேயிலைத் தோட்டத்து இரவுக் காட்சிகளை அவசியம் கைவிடுங்கள். கோத்தகிரியில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே கரடியும் காட்டெருமையும் நடமாடுவது உங்களுக்கே தெரியும். மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பின்னால் என்ன வருகிறது என்பது தெரியாது. தொழிற்சாலை வளாகத்தை ஒட்டி, சூரியன் மறைந்த பிறகு வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிஞ்சியிருக்கும் நேரத்தில் எடுங்கள். கேமராவின் நிறச் சமன் அமைப்பான வெண்சமநிலையை 3200 கெல்வினில் வைத்து (படம் நீலமாகத் தெரியும்), வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப், அதாவது நான்கில் ஒரு பங்காகக் குறைத்து, வானம் சட்டகத்துக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் திரையில் அது இரவாகவே தெரியும். ஒரு ஜன்னலில் மஞ்சள் விளக்கு எரிந்தால் நம்பகத்தன்மை இன்னும் கூடும்.

பனிமூட்டம் நம் சொல்படி வருவதில்லை. முதல் ஷாட்டில் மூடியிருக்கும், மூன்றாவது ஷாட்டில் கோடை வெயில் போல அடிக்கும். இரண்டையும் ஒட்டவே முடியாது. ஆகவே வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் முடியக்கூடிய ஒரு காட்சியை மட்டும் மூட்டத்துக்கென ஒதுக்கி, அது இறங்கும்போது மற்ற வேலையை நிறுத்திவிட்டு அதை எடுங்கள்.

வெளியே குளிரில் இருந்த கேமராவைச் சூடான உலர்த்தும் அறைக்குள் நேராகக் கொண்டுபோனால் லென்ஸில் ஈரம் படிந்துவிடும். உள்ளே நுழையும் முன் காற்றுப் புகாத உறையில் போட்டு, சூடு சமமாகும் வரை திறக்காதீர்கள். குளிரில் பேட்டரியின் சார்ஜும் சீக்கிரம் இறங்கும். மாற்றுப் பேட்டரியை ஸ்வெட்டருக்கு உள்பையில் வையுங்கள். தொழிற்சாலைக் குழல்விளக்குகளின் கீழ் ஷட்டர் வேகத்தை நொடியில் 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்று என்று வைக்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 60இல் ஒன்று வைத்தால் படத்தில் பட்டைகள் ஓடக்கூடும்.

இந்தக் கதையில் படத்தைவிட ஒலியே முக்கியம் என்பது என் கருத்து. இலையை வாட்டும் தொட்டிகளுக்கு அடியில் மின்விசிறிகள் இரவு முழுவதும் ஓடுகின்றன, ஏனென்றால் வாட்டுவதற்கு மட்டும் 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த இரைச்சலில் வசனத்தைப் பதிவு செய்ய முயலாதீர்கள். வசனத்தை அமைதியான அறையில் தனியாக எடுங்கள். விசிறி ஓசையைச் சில நிமிடங்கள் தனியாகப் பதிந்து, படம் முழுவதும் அடியில் ஓட விடுங்கள். பார்வையாளரின் காது அதற்குப் பழகிவிடும். பிறகு மின்வெட்டில் விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுழன்று நிற்கும்போது, காகிதத்தின் மேல் பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்க வேண்டும். அவள் எழுதுவதைப் பார்வையாளர் அறிய வேண்டிய இடம் அதுதான். பேனாச் சத்தத்தை மரப்பலகையின் மேல் தாள் வைத்து, மைக்கை ஒரு சாண் தூரத்தில் பிடித்துத் தனியாகப் பதியுங்கள்.

பதில்: மனநல ஆலோசகர், கோயம்புத்தூர்

ஒரு வேண்டுகோள். ஸ்கிசோஃப்ரினியா என்பது ஒருவருக்குள் இன்னொருவர் இருப்பது அல்ல. இல்லாத குரல்கள் கேட்பது, ஆதாரமற்ற நம்பிக்கைகள் உறுதிப்படுவது, சிந்தனை சிதறுவது போன்றவை அதன் அறிகுறிகள். நீங்கள் எழுதியிருப்பது விலகல் அடையாளக் கோளாறு என்ற வேறொரு நிலையை ஒத்தது. அமெரிக்க உளவியல் மருத்துவர் சங்கத்தின் கையேடு 1994இல் அதற்கு இந்தப் பெயரைத் தரும் வரை அது பன்முக ஆளுமை என்று அழைக்கப்பட்டது. திரைப்படங்கள் இரண்டையும் குழப்பியதால், சிகிச்சையில் இருக்கும் பலரை அக்கம்பக்கத்தார் அஞ்சி ஒதுக்குகிறார்கள். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. அவர்களே பிறரால் துன்புறுத்தப்படுவதுதான் அதிகம்.

உங்கள் கதைக்கு நோயின் பெயரே தேவையில்லை. தொடர்ந்து இரவு வேலை, தூக்கமின்மை, ஆறாத துக்கம் ஆகிய மூன்றும் போதும். தூக்கம் கெட்டவர்கள் கை பழகிய வேலையை அரைத்தூக்கத்திலேயே செய்துவிட்டு, பிறகு அது நினைவில் இல்லாமல் போவது உண்டு. தினமும் நூறு பெயர்களை எழுதும் ஒரு கை, எழுத மனம் ஏங்கும் ஒரு பெயரையும் எழுதிவிடுகிறது என்பதை எந்தப் பார்வையாளரும் ஏற்பார். அப்போது காவலாளியும் அவளைக் கண்டு ஓட வேண்டியதில்லை, அவள் அருகில் உட்கார முடியும். படத்தின் இறுதியில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416ஐச் சேர்த்துவிடுங்கள்.

பதில்: கோத்தகிரி மாணவி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நோயின் பெயரை நீக்கிவிட்டோம். மின்வெட்டுக் காட்சியை நான்காம் பக்கத்துக்கு நகர்த்தியபோது, காவலாளியோடு அவள் மோதும் காட்சி ஒரு வசனமும் மாறாமலேயே கனம் கூடிவிட்டதை வாசிப்பில் உணர்ந்தோம். ஒரு சந்தேகம் மட்டும் மீதியிருக்கிறது. கோவையிலிருந்து இரண்டு நண்பர்கள் விளக்குகளோடு காரில் வருகிறார்கள். உரிமையாளரின் வாய்மொழிச் சம்மதம் போதுமா? வேறு என்ன அனுமதிகள் வேண்டும்?

பதில்: ஒளிப்பதிவு உதவியாளர், உதகை

வாய்மொழிச் சம்மதம் போதாது. தேதி, நேரம், எந்தெந்தப் பகுதி என்று குறிப்பிட்டு உரிமையாளரிடம் கடிதம் வாங்குங்கள்; அதன் நகல் ஒன்று இரவுக் காவலாளியிடமும் இருக்கட்டும். திரையில் முகம் தெரியும் தொழிலாளர்களிடம் தனித்தனியே சம்மதம் பெற வேண்டும். தோட்டத்தின் எல்லைக்கு அப்பால் இருப்பது காப்புக்காடு என்றால், வனத்துறையின் அனுமதியில்லாமல் ஓர் அடிகூட உள்ளே வைக்காதீர்கள். 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி அது குற்றம். ட்ரோனை இந்தப் படத்துக்கு நினைக்கவே வேண்டாம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்கள் இணையத்தில் முன்பதிவு செய்யும் இ-பாஸ் முறை வந்தது. நண்பர்கள் கிளம்பும் முன் அப்போதைய நடைமுறையைப் பார்த்துப் பதிவு செய்துகொள்ளட்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களையும் சோதனைச்சாவடியில் பறிமுதல் செய்வார்கள் என்பதால், குழுவுக்கான தண்ணீரை எவர்சில்வர் குடத்தில் தொழிற்சாலையிலேயே நிரப்பி வைத்துவிடுங்கள்.