உண்ணி நாயில் மட்டும் இல்லை, சுவரிலும் இருக்கிறது

உப்புவெளிக்காரன்:

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் திருகோணமலையில் உண்ணிக் கதையும் தொடங்கிவிடும். நாய் வளர்க்கிற பலர் கேட்டபடியால் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். தெரிந்தவர்கள் உங்களுடையதையும் சொல்லுங்கள்.

எங்களிடம் இருப்பது ஒரு கடுவன், சாதாரண ஊர்நாய். பின்னேரத்தில் காது மடலின் உட்பக்கம், கால்விரல் இடுக்கு, கழுத்துப் பட்டிக்குக் கீழே என்று தடவிப் பார்த்து உண்ணி பிடுங்குவது வீட்டில் வழக்கமான வேலை. பிடுங்கப் பிடுங்க வந்துகொண்டே இருந்தது. பிறகு ஒருநாள் விறாந்தைக்குப் பெயின்ற் அடிக்க வேண்டும் என்று சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றினேன். பின்னால், ஆணி ஓட்டையைச் சுற்றி, ஊறவைத்த கடலை போல உப்பிப்போன சாம்பல் நிற உண்ணிகள். ஒன்றின் முன்னால் மண்ணிறத்தில் மினுங்குகிற முட்டைக் குவியல். நாய் எம்பிப் பாய்ந்தாலும் எட்டாத உயரம் அது.

மிருக வைத்தியருக்குப் போனில் படம் எடுத்துக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. இது பழுப்பு நாய் உண்ணி, வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்துகிற சாதி என்றார். இரத்தம் குடித்து முடித்த பெட்டை உண்ணி, நாயை விட்டு விழும். விழுந்ததும் மேலே ஏறும்: சுவர் வெடிப்பு, கதவு நிலை, கூரை மரம், சாமிப் படத்தின் பின்பக்கம். அங்கே போய் நாலாயிரம் முட்டை வரைகூட இடும், இட்டதும் செத்துவிடும். பொரிக்கிற குஞ்சுக்கு ஆறு கால்தான். அது நாயில் ஏறிக் குடித்து, இறங்கி, தோல் கழற்றி, எட்டுக் காலோடு திரும்ப ஏறும். மறுபடி இறங்கும், மறுபடி ஏறும். ஆக மூன்று தரம் நாயிடம் வந்துபோகிறது, மற்ற நேரமெல்லாம் நம் வீட்டில்தான் குடியிருப்பு. வளர்ந்த உண்ணி இரத்தம் கிடைக்காமல் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டு உண்ணி போகவில்லை என்று கவலைப்படுவதில் பிரயோசனம் இல்லை.

அதனால் வேலையை வீட்டில் தொடங்கினோம். விறாந்தைச் சுவர் வெடிப்புகளைச் சீமெந்து பூசி அடைத்தோம். நாய் படுக்கிற சாக்கைக் கொதிநீரில் போட்டோம். படங்களைக் கழற்றித் துடைத்தோம், மதிலோரச் சருகைக் கூட்டி எரித்தோம். நாய்க்கு வைத்தியர் நிறை பார்த்து மூன்று மாதத்துக்கு ஒன்று கொடுக்கிற குளிசை எழுதித் தந்தார். சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். வலிப்பு வருகிற நாய் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவற்றுக்கு இந்த வகைக் குளிசை யோசித்துத்தான் கொடுப்பார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குளிசை போட்ட பிறகும் உடம்பில் உண்ணி தெரியும். மருந்து இரத்தத்தில் இருக்கிறது, உண்ணி கடித்துக் குடித்தால்தான் சாகும். அதைப் பார்த்துவிட்டு மருந்து போலி என்று சண்டைக்குப் போகாதீர்கள். சுவரில் இருப்பவை எல்லாம் பசியோடு இறங்கி வந்து கடித்துச் சாகிற வரைக்கும் மருந்தை விடாமல் கொடுக்க வேண்டும். அதற்கு மாதங்கள் போகும்.

பாலையூற்று அக்கா:

தம்பி, நீங்கள் வீட்டைப் பற்றி எழுதியது சரி. நோயைப் பற்றி நான் எழுதுகிறேன்.

எங்கள் பெட்டை நாய் சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினாள். மீன் போட்டுக் குழைத்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. வெயிலுக்குச் சோர்ந்து கிடக்கிறாள் என்று வீட்டில் சொன்னார்கள். நான் உதட்டைத் தூக்கி முரசைப் பார்த்தேன், வெளிறிப்போய்க் கடதாசி நிறத்தில் இருந்தது. அன்றைக்கே ஓட்டோ பிடித்துக் கொண்டுபோனோம். போகிற வழியில் மூக்கால் இரத்தம் கசிந்தது. இரத்தம் சோதித்ததில் பிளேட்லெட் நன்றாக இறங்கியிருந்தது. டெங்கு என்றால் நமக்கெல்லாம் அந்தச் சொல் தெரியும், நாய்க்கு உண்ணியாலும் அப்படி ஆகிறது. எர்லிக்கியா என்ற கிருமியாம், உண்ணி கடித்துச் சில மணி நேரத்திலேயே உடம்புக்குள் போய்விடுமாம். இதற்குத் தடுப்பூசி கிடையாது. டொக்சிசைக்கிளின் என்ற மருந்தைக் கிட்டத்தட்ட நாலு கிழமை கொடுக்கச் சொன்னார்கள். நாய் எழும்பி ஓடுகிறதே என்று நடுவில் நிறுத்தக் கூடாது, கிருமி ஒளிந்திருந்து பிறகு தலைதூக்கும். வியட்நாம் போரில் அமெரிக்க இராணுவ நாய்கள் நூற்றுக்கணக்கில் செத்தது இதே நோயால்தான் என்று வைத்தியர் சொன்னார்.

சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனால் அது வேறாக இருக்கலாம், பபேசியா என்ற இன்னொரு உண்ணி நோய். அதற்கு மருந்தும் வேறு. ஆகவே அடுத்த வீட்டு நாய்க்குக் கொடுத்த மருந்தை வாங்கிக் கொடுத்துப் பார்க்க வேண்டாம், சோதித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அவள் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள், பக்கத்து வீட்டுக் கோழியையும் துரத்துகிறாள்.

தம்பலகாமம் வயற்காரர்:

எங்கள் ஊரில் மாடு இருக்கிற வீடுகளில் மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தையே நாய்க்கும் அடிக்கிறார்கள். கலக்கிற கணக்கு யாருக்கும் தெரியாது, போத்தல் மூடியால் ஒரு குத்துமதிப்பு. நாய் தன் உடம்பை நக்கும், வாயில் நுரை தள்ளும். மண்ணெண்ணெய் தேய்க்கிறவர்களும் உண்டு, தோல் வெந்துபோகும். வேப்பெண்ணெய் மணத்துக்குக் கொஞ்சம் விலகுமே தவிர, ஏற்கனவே கடித்துக்கொண்டிருக்கிறதை அது ஒன்றும் செய்யாது. நானும் வேப்பமரத்தடியில் வளர்ந்தவன்தான், ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

வீட்டில் பூனையும் இருந்தால் இன்னும் கவனம். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்கு நஞ்சு. மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலே போதும், நடுக்கம் பிடித்துச் செத்தும் போகலாம். போத்தலில் பெயரை வாசித்துவிட்டு வாங்குங்கள்.

உவர்மலை அம்மா:

பிடுங்குவது எப்படி என்று ஒருவரும் எழுதவில்லையே. நெருப்புக்குச்சியால் சுடுவதும் எண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம். புருவம் பிடுங்குகிற சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, வயிற்றை நசுக்காமல், நேராக மெதுவாக இழுக்க வேண்டும். ஸ்பிறிட் உள்ள ஒரு சின்னப் போத்தலில் போட்டு மூடிவிடுங்கள். நகத்தால் நசுக்காதீர்கள், கல்லில் வைத்துத் தேய்க்காதீர்கள்.

என் பேரனுக்குக் காதுக்குள் உண்ணி போனது. இரவு முழுக்க வலி, ஏதோ ஊர்கிற சத்தம் என்று அழுதான். காதுக்குள் குச்சி விடவில்லை, ஆஸ்பத்திரியில் பார்த்து எடுத்தார்கள். பிரட்றிக் கோட்டை மான்களிடமிருந்து வந்திருக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையா?

உப்புவெளிக்காரன்:

அம்மா, மான் மேய்கிற புல்லில் உண்ணி இருக்கத்தான் செய்யும். பேரனுக்கு வந்தது எது என்று எடுத்த உண்ணியைப் பார்த்தால்தான் சொல்லலாம். ஆனால் காலண்டருக்குப் பின்னால் குடியிருப்பதற்கு மானைக் குறை சொல்ல முடியாது. பழுப்பு உண்ணி குஞ்சிலிருந்து வளர்ந்தது வரை மூன்று பருவத்திலும் முக்கியமாக நாயைத்தான் தேடும். எங்கள் ஒழுங்கையில் அது தெருநாய்களில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் நாலைந்து வீடு சேர்ந்து, தெருவில் படுக்கிற நாய்களுக்கும் வைத்தியரிடம் கேட்டு மருந்து கொடுக்கிறோம். இறைச்சித் துண்டுக்குள் வைத்தால் தின்றுவிடும்.

தனிச் செய்தியில் நிலாவெளியில் இருந்து ஒருவர் கேட்டிருந்தார், முதுகில் விடுகிற துளி மருந்து போதாதா என்று. விடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிக்க வைக்கக் கூடாது. உங்கள் நாய் தினமும் கடலில் குதிக்கிறது என்றீர்கள். அப்படியானால் குளிசையைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.