சினாப்ஸுக்குத் தமிழ் எது? வியாழன் மாலைக்குள் வேண்டும்

அல்சூர் ஆசிரியை:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். அல்சூர் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளை வரும் சனிக்கிழமை பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனத்தின் மூளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லவிருக்கிறோம். அவர்கள் கையில் கொடுப்பதற்காக நரம்பு மண்டலத்தைப் பற்றி நான்கு பக்கக் குறிப்பு ஒன்றை எழுதி வருகிறேன். வியாழன் மாலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மூளை, தண்டுவடம், 12 இணை மூளை நரம்புகள், 31 இணைத் தண்டுவட நரம்புகள், அனிச்சைச் செயல் என்பவற்றிலெல்லாம் இடரில்லை. ஒரு நரம்பு செல் ஆக்சான் என்ற தன் நீண்ட இழையின் முனையில் அடுத்த செல்லிடம் செய்தியை ஒப்படைக்கும் இடமான சினாப்ஸுக்குத்தான் மனம் நிறையும் சொல் கிட்டவில்லை. 'நரம்பிணைப்பு' என்று எழுதலாமா? வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான குறிப்பு இது என்பதை மனத்தில் கொண்டு சொல்லுங்கள்.

ஜெயநகர் மருத்துவர்:

அம்மா, 'இணைப்பு' மட்டும் வேண்டாம். அங்கே இணைப்பு இல்லை என்பதை நிறுவத்தான் அரை நூற்றாண்டு ஆயிற்று. நரம்பு மண்டலம் முழுவதும் அறுபடாத ஒரே வலை என்றார் இத்தாலியின் கோல்கி. அவர் கண்டுபிடித்த சாயமேற்றும் முறையையே கையாண்டு, ஒவ்வொரு செல்லும் தனித்தனி என்றார் ஸ்பெயினின் கஹால். இருவருக்கும் 1906இல் நோபல் பரிசைப் பகிர்ந்தளித்தார்கள். அந்த மேடையிலும் கோல்கி தம் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. பின்னர் 1950களில் மின்னணு நுண்ணோக்கி அந்த இடைவெளியைக் கண்ணுக்குக் காட்டியது. அதன் அகலம் ஏறத்தாழ 20 நானோமீட்டர். மின் துடிப்பு முனைவரை வந்து நின்றுவிடுகிறது, அங்கிருந்து வேதிப்பொருள்தான் இடைவெளியைக் கடந்து அடுத்த செல்லைத் தொடுகிறது. 1921இல் ஓட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் துடிப்பைத் தளர்த்தும் வேகசு நரம்பைத் தூண்டி, அந்த இதயத்தை நனைத்திருந்த நீர்மத்தை இன்னோர் இதயத்தில் விட்டபோது அதன் துடிப்பும் தளர்ந்தது. இடையில் போய் வேலை செய்தது ஒரு பொருள் என்பது அதனால் தெளிவாயிற்று. ஆகவே இடைவெளியைச் சொல்லாத சொல் பொய்ச்சொல். என் பரிந்துரை 'நரம்பிடை'.

ராஜாஜிநகர் புலவர்:

மருத்துவர் கூறிய செய்தியைத் தமிழ் இலக்கணம் என்றோ வகுத்து வைத்திருக்கிறது. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் சந்திக்கின்றன. இரண்டும் உயிராக இருந்தால் நேரே ஒட்டமாட்டா. ஆதலால் இடையில் யகரமோ வகரமோ தோன்றி இரண்டையும் உடம்படச் செய்கிறது. மணி, அடித்தான் என்பவை மணியடித்தான் என்றாவது அப்படித்தான். செய்தி தரும் செல்லை நிலைசெல் என்றும், பெறும் செல்லை வருசெல் என்றும், இடையில் தோன்றும் வேதிப்பொருளை உடம்படுபொருள் என்றும் வழங்கினால் ஒரு முழுச் சொற்குடும்பமே கைக்கு வந்துவிடும். இடத்தின் பெயர் 'நரம்புப்புணர்ச்சி'.

நரம்பு என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒலித்தலைக் குறிக்கும் 'நரல்' என்ற அடியிலிருந்தே அது பிறந்தது என்பது என் நெடுநாள் துணிபு. யாழின் தந்திக்கு அதுவே பெயராக நின்றதை வேறு எப்படி விளக்குவது? புறநானூற்றின் 278ஆம் பாட்டு 'நரம்பெழுந்து உலறிய' என்று தொடங்கி முதியவளின் தோளைக் காட்டுகிறது. அங்கே தோலுக்கு மேல் புடைத்து நிற்பது இன்றைய மருத்துவர் சொல்லும் நரம்பன்று, குருதிக்குழாய். கிரேக்கரின் 'நியூரான்' என்ற சொல்லும் தசைநாணையும் வில்நாணையும் குறித்துவிட்டுத்தான் இப்பொருளுக்கு வந்தது.

தில்லி உறுப்பினர்:

இந்தியில் நரம்பு 'தந்திரிகா'. அதன் அடியும் வீணைத் தந்திதான். மூன்று மொழிகளும் ஒரே திசையில் சென்றிருப்பது மகிழ்ச்சியே. ஆனால் 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா', அதாவது ஒரு சொல்லுக்கு அப்பொருள் வந்த காரணம் எளிதில் புலப்படாது, என்ற தொல்காப்பியத்தைப் புலவர் ஐயாவுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். நரல் எங்கிருந்து வந்தால் என்ன, வியாழக்கிழமை வந்துகொண்டிருக்கிறது.

அல்சூர் ஆசிரியை:

புலவர் ஐயா, உடம்படுமெய் உவமை அருமை. குறிப்பில் ஒரு பெட்டிச் செய்தியாகவே சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் 'புணர்ச்சி' என்ற சொல்லை எட்டாம் வகுப்பின் முன் அறிவியல் தாளில் வைக்க என்னால் இயலாது. இலக்கண வகுப்பிலேயே அந்த இயலைக் கடந்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

மாதுங்கா மொழிபெயர்ப்பாளர்:

'நரம்புச்சந்தி' என்றால் என்ன? முச்சந்தியும் நாற்சந்தியும் எல்லாருக்கும் தெரியும், கன்னடம் படிக்கும் பிள்ளைகளுக்கும் சந்தி இலக்கணத்தில் பழகிய சொல். மருத்துவரின் தடைக்கு விடை அந்தச் சொல் பிறந்த கதையிலேயே இருக்கிறது. 1897இல் ஆங்கிலேய உடலியங்கியலாளர் ஷெரிங்டன் ஒரு பாடநூலுக்காக இதற்குப் பெயர் தேடியபோது முதலில் 'சிண்டெசம்' என்றுதான் வைக்க எண்ணினார். கேம்பிரிட்ஜின் கிரேக்கப் புலவர் வெரால்தான் 'சினாப்ஸ்' என்பதை எடுத்துக்கொடுத்தார். அதன் அடிப்பொருள் பற்றிக்கொள்ளுதல். இடைவெளி அந்தச் சொல்லுக்குள்ளும் இல்லை, வரையறையில்தான் இருக்கிறது. ஒரு கலைச்சொல்லின் தலையில் பாடம் முழுவதையும் ஏற்றக் கூடாது. மேலும், 1959இல் நன்னீர் இறாலொன்றில் மின்வழிச் சந்தியும் காணப்பட்டது. அங்கே நுண்வாய்கள் இரு செல்களையும் நேரடியாகவே கோத்திருக்கின்றன. அதற்கு 'நரம்பிடை' எப்படிப் பொருந்தும்?

ராஜாஜிநகர் புலவர்:

சந்தி வடசொல். வடசொல்லைத்தான் எடுப்பதென்றால் இத்தனை மடல்கள் எதற்கு?

தில்லி உறுப்பினர்:

ஆசிரியையின் முதல் மடலில் உள்ள 'மண்டலம்' மட்டும் எந்தச் சொல்? ஈழத்தார் நரம்புத் தொகுதி என்கிறார்கள், அனிச்சைச் செயலைத் தெறிவினை என்கிறார்கள். தூய்மை வேண்டுமானால் அங்கிருந்து தொடங்க வேண்டும். 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ', அதாவது வடவெழுத்தை நீக்கி வடசொல்லை எடுத்துக்கொள்ளலாம், என்று வழி திறந்து வைத்தவர் தொல்காப்பியர். சந்தியில் நீக்க வேண்டிய வடவெழுத்துக்கூட இல்லை.

ராஜாஜிநகர் புலவர்:

தெறிவினை மிக நல்ல சொல், ஏற்கிறேன். வழி திறந்திருப்பதால் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்பதில்லை. புணர்ச்சி கூசுமானால், 'இயைவது புணர்ப்பே' என்று நன்னூலார் ஆண்ட சொல்லையே கொண்டு 'நரம்புப்புணர்ப்பு' என்று எழுதலாம்.

ஜெயநகர் மருத்துவர்:

மின்வழிச் சந்தியைக் காட்டி என்னை மடக்கியது முறையே. ஆயினும் மனிதரிடத்தில் பெரும்பாலானவை வேதிவழிதான் என்பதால், பிள்ளைகள் முதலில் அறிய வேண்டியது இடைவெளியைத்தான். வலிப்பு மருந்துகள் சிலவும் மனச்சோர்வு மருந்துகள் பெரும்பாலானவையும் வேலை செய்யும் இடம் அது. என் நோயாளிகளிடம் 'இடைவெளி' என்று சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள். சந்தி என்றால் எங்கே அடைப்பு என்று கேட்பார்கள்.

மாதுங்கா மொழிபெயர்ப்பாளர்:

நரம்பு தசையைச் சென்று சேரும் இடத்துக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள், டாக்டர்? 'நரம்புத்தசைச் சந்தி' என்று எளிதாக நீட்டலாம். 'நரம்புத்தசையிடை' என்றால் இடுப்புவலி போலல்லவா ஒலிக்கிறது?

அல்சூர் ஆசிரியை:

வியாழன் பிற்பகல் ஆகிவிட்டது. தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் சந்திக்கே ஆதரவு மிகுதி. அதில் பாதிப் பேர், இனி எதுவானாலும் சரி என்று எழுதியவர்கள். முதல் பக்கத்தில் 'நரம்புச்சந்தி' என்றும், பள்ளியில் அதையே சினாப்ஸ் என்பார்கள் என்றும் போட்டிருக்கிறேன். மருத்துவருக்காக, இரு செல்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை என்ற வரியைத் தடித்த எழுத்தில் வைத்திருக்கிறேன். வேதிப்பொருளுக்கு 'நரம்புணர்வு கடத்தி' என்ற பழகிய தொடரே இருக்கட்டும்.

ஜெயநகர் மருத்துவர்:

தடித்த எழுத்துக்கு நன்றி. என் நோயாளிகளுக்கான தாள்களில் நான் நரம்பிடை என்றே எழுதுவேன்.

ராஜாஜிநகர் புலவர்:

கடத்தி என்பதற்கு என் மறுப்பைத் தனி இழையில் எழுதுகிறேன். நரம்பு என்பது மென்றொடர்க் குற்றியலுகரமாதலின் சகர ஒற்று மிக்கது சரியே. ஆனால் மாதுங்கா நண்பர் 'நரம்புத்தசைச் சந்தி' என்று பிரித்து எழுதியிருக்கிறார், நீங்களோ 'நரம்புச்சந்தி' என்று சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். ஒரே குழுவிலிருந்து போகும் சொற்களுக்கு ஒரே முறை வேண்டாமா? அச்சகத்தில் இன்னும் திருத்த முடியுமென்றால் தெரிவியுங்கள்.