அரசினர் தோட்டத்து ஆளுநர் மாளிகையை இடித்தது சரியா?

கூவக்கரை:
அண்ணா சாலையில் இன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனை நிற்கும் அரசினர் தோட்ட வளாகத்தில்தான் சென்னை மாகாண ஆளுநர்களின் மாளிகை இருந்தது. புதிய தலைமைச் செயலகம் கட்டுவதற்காக அதை இடித்தார்கள். 2010 மார்ச்சில் அந்தச் செயலகத்தை மன்மோகன் சிங் திறந்து வைத்தார். 2011இல் ஆட்சி மாறியதும் சட்டமன்றம் புனித ஜார்ஜ் கோட்டைக்கே திரும்பியது. 2014இல் கட்டடம் மருத்துவமனை ஆனது. பக்கத்தில் இருந்த ராஜாஜி மண்டபம் மட்டும் தப்பியது.

இடித்தது பெரிய தவறு என்பது என் கருத்து. 1746 முதல் மூன்றாண்டு பிரெஞ்சுக்காரர்கள் நகரைப் பிடித்திருந்தபோது ஆளுநரின் பழைய தோட்ட வீடு அழிந்துபோனது. அதற்குப் பதிலாகத்தான் 1753இல் மதெய்ரோஸ் என்ற போர்த்துகீசிய வணிகக் குடும்பத்து விதவையிடம் கிழக்கிந்தியக் கம்பெனி இந்த வீட்டை வாங்கியது. 1758 கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது இதற்கும் பலத்த சேதம். பிறகு எட்வர்ட் கிளைவ் ஆளுநராக வந்து அதை விரிவாக்கி மாளிகை ஆக்கினார். இவர் ராபர்ட் கிளைவின் மகன். இவ்வளவு கதை உள்ள கட்டடத்தை ஒரே ஆட்சிக் காலத்தில் முடித்துவிட்டோம்.

தென்னவன்:
கிளைவ் பெயரைச் சொன்னீர்கள், அவர் காலத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள். அவர் 1798 முதல் 1803 வரை ஆளுநர். கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799. மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801. அதே 1801இல்தான் கர்நாடக நவாபின், அதாவது ஆற்காட்டு நவாபின், ஆட்சி முழுதாகக் கம்பெனி கைக்குப் போனது. அந்த வருடங்களில்தான் அவர் வீட்டைப் பெரிதாக்கி, பக்கத்தில் விருந்து மண்டபமும் கட்டினார். செலவைப் பார்த்து லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களே ஆட்சேபித்தார்கள். பணம் யாருடையது? நம் குடியானவன் கட்டிய வரி. அந்த வீடு போனதற்காக நான் ஏன் வருந்த வேண்டும்?

கூவக்கரை:
சரி, உங்கள் நியாயப்படியே பார்ப்போம். அங்கே இருந்த இரண்டு கட்டடங்களில் உண்மையான வெற்றிச் சின்னம் எது? வீடு அல்ல. இன்று ராஜாஜி மண்டபம் என்கிறோமே, அந்த விருந்து மண்டபம்தான். வங்காளத்தில் ராபர்ட் கிளைவ் பெற்ற பிளாசி வெற்றிக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்ததற்கும் நினைவாக 1802இல் திறக்கப்பட்டது அது. அதன் முக்கோண முகப்புகளில் அந்த இரண்டு வெற்றிகளையும் சிற்பமாக வைத்தார்கள். கிரேக்கக் கோவில் மாதிரி உயரமான மேடை, தூண் வரிசை எல்லாம் பார்ப்பவனை மிரட்டத்தான். அதை வைத்துக்கொண்டு, ஆட்கள் குடியிருந்த வீட்டை இடித்திருக்கிறோம். காலனிய அவமானத்தைத் துடைப்பதுதான் நோக்கம் என்றால் தலைகீழாக அல்லவா செய்திருக்கிறோம்?

தென்னவன்:
மண்டபத்தின் பொருள் மாறிவிட்டது நண்பரே. 1948இல் ராஜாஜி கவர்னர் ஜெனரல் ஆனபோது அவர் பெயர் வந்தது. அப்புறம் 1969இல் அண்ணா, 1975இல் காமராஜர், 1987இல் எம்ஜிஆர், 2016இல் ஜெயலலிதா, 2018இல் கலைஞர் என்று எல்லோருக்கும் மக்கள் கடைசியாக அஞ்சலி செலுத்தியது அங்கேதான். வெள்ளைக்காரர்கள் நடன விருந்துக்கு ஏறிய அந்த அகலப் படியில் நம் ஜனங்கள் அழுதபடி நின்றார்கள். அதற்குப் பிறகு அது கிளைவின் மண்டபமா? ஆளுநர் வீட்டுக்கு அப்படி ஒரு நாள்கூட வரவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு ஆளுநர் கிண்டியிலேயே இருந்துவிட்டார், இந்த வீடு அரசு வளாகத்துக்குள் முடங்கியது. மக்களுக்குத் தெரியாத வீட்டை மக்களின் நினைவு என்று சொல்லாதீர்கள்.

மயிலை மணி:
எங்கள் அம்மாவுக்கு அந்த மருத்துவமனையில்தான் இதய அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு பைசா கேட்கவில்லை. எனக்கு மாளிகையைவிட இதுதான் பெரிது.

சுண்ணாம்பு:
மணி அண்ணா, அம்மா நலமாக இருப்பது சந்தோஷம். ஆனால் மருத்துவமனைக்காக அந்த மாளிகையை யாரும் இடிக்கவில்லை. இடித்தது தலைமைச் செயலகத்துக்காக, மருத்துவமனை பின்னால் வந்த முடிவு.

நான் பழைய கட்டடப் பராமரிப்பில் வேலை செய்கிறேன். மண்டபத்தைக் கட்டிய ஜான் கோல்டிங்காம் தொழில்முறைக் கட்டடக் கலைஞர் இல்லை, சென்னை வானாய்வகத்தின் வானியலாளர். வடிவம் கிரேக்கம் என்றாலும் வேலை நம் கொத்தனார்களுடையது. தேக்கு உத்தரத்தின் மேல் மெல்லிய செங்கலை நிறுத்தி மூலைவாட்டில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டையால் அடித்து இறுக்கும் மெட்ராஸ் டெரஸ் தளத்தை எந்த ஐரோப்பியப் புத்தகம் பார்த்துக் கற்றார்கள்? கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து, பல பூச்சுப் பூசி, பளிங்கு போல மின்னும்வரை தேய்த்ததும் அவர்கள்தான். வெளியிலிருந்து வந்தவர்கள் இந்தச் சென்னைச் சுண்ணாம்புப் பூச்சைப் பார்த்துச் சலவைக்கல் என்றே நினைத்தார்கள். தென்னவன் சார், அந்தப் பழைய சுவர்களை இடிக்கும்போது கிளைவின் பெருமையோடு இந்தக் கொத்தனார்களின் கைவேலையும் போகிறது. அவர்கள் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை, கட்டடம் மட்டும்தான் சாட்சி.

பழசைக் காப்பாற்ற முடியாது என்றும் சொல்ல வேண்டாம். 2012இல் ஆற்காட்டு நவாபின் பழைய அரண்மனையான சேப்பாக்கம் கலச மகால் தீயில் எரிந்தது. பொதுப்பணித் துறையே சுண்ணாம்புச் சாந்து கொண்டு அதைச் சீரமைத்தது. இன்று அங்கே பசுமைத் தீர்ப்பாயம் நடக்கிறது.

தென்னவன்:
கொத்தனார் விஷயம் நியாயமான பேச்சு. அதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. ஆனால் 2003இல் ராணி மேரி கல்லூரியை இடித்துச் செயலகம் கட்டப் போகிறோம் என்றபோது மாணவிகள் போராடித் தடுத்தார்களே, ஆளுநர் மாளிகைக்கு ஏன் அப்படி ஒரு கூட்டம் வரவில்லை? வேண்டும் என்று நினைத்திருந்தால் வந்திருப்பார்கள்.

கூவக்கரை:
கல்லூரிக்குள் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் படித்தார்கள், அதனால் அவர்களுக்கு அது சொந்தம். மாளிகையின் கதவு பொதுமக்களுக்கு எப்போது திறந்திருந்தது? முதலில் வெள்ளைக்காரன் பூட்டி வைத்தான், பிறகு நம் அரசுத் துறைகள் பூட்டி வைத்தன. யாரையும் உள்ளே விடாமல் வைத்திருந்துவிட்டு, யாரும் அழவில்லை என்று காரணம் காட்டி இடிப்பது எனக்கு ஏற்கவே முடியவில்லை. தமிழ்நாட்டில் பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று ஆணையச் சட்டம் வந்ததே 2012இல்தான். அதற்குள் இந்த வீடு போய்விட்டது.

சுண்ணாம்பு:
இருப்பதையாவது பேசுவோம். ராஜாஜி மண்டபத்து வாசலில் அது எந்தப் போர்களுக்காகக் கட்டப்பட்டது, பக்கத்தில் என்ன இருந்தது என்று தமிழில் விரிவான பலகை வேண்டும். ஆண்டு முழுவதும் பொதுமக்களை உள்ளே விட வேண்டும். இரண்டுக்கும் பெரிய செலவே இல்லை.

தென்னவன்:
பலகைக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன், மருதிருவர் பெயரும் 1801ம் அதில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மாளிகை பற்றிய என் கருத்தில் மாற்றம் இல்லை.