பகடிவதைக்குப் பிறகு பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளை: எதை முதலில் செய்வது?

செம்பனை நிழல்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துக் குடும்பம். மகளுக்கு 13 வயது. தமிழ்ப்பள்ளி முடித்து இந்த ஆண்டு இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பு (படிவம் ஒன்றுக்கு முந்தைய ஓராண்டு). மலாய் உச்சரிப்பைக் கிண்டல் பண்ணுவதில் ஆரம்பித்தது. பிறகு ஸ்கூல் பஸ்ஸில் பையைப் பிடுங்கி எறிந்தார்கள், ஓய்வு நேரத்தில் கழிப்பறைக் கதவை வெளியே நின்று பிடித்துக்கொண்டார்கள். மூன்று வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. ஞாயிறு சாயங்காலமே வயிற்றுவலி, வாந்தி. விடியும் முன்னே அம்மா பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) போய்விடுகிறார், அப்பாவுக்கு ஈப்போவில் ஷிப்ட் வேலை. காலையில் வீட்டில் பாட்டி மட்டும்தான். எச்சரிக்கைக் கடிதமும் வந்துவிட்டது. கட்டாயப்படுத்திக் கொண்டுபோய் விடுவதா, பள்ளியை மாற்றுவதா என்று கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கரும்பலகை:
இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். கழிப்பறைக் கதவைப் பிடித்தவர்கள் அங்கேயே இருக்கும்போது பிள்ளையை அனுப்பினால், அவள் பயம் நியாயம் என்று நாமே நிரூபித்துக் காட்டுவதாகிவிடும். முதலில் பள்ளியைப் பத்திரமாக்க வேண்டும், அதுவும் எழுத்தில்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, மணி, இடம், யார், என்ன சொன்னார்கள், யார் பார்த்தார்கள் என்று பத்தி பத்தியாக எழுதுங்கள். பிள்ளையை ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்ல வைக்காதீர்கள். நாளுக்கு ஒரு சம்பவம் போதும். வாட்ஸ்அப்பில் வந்ததை அழிக்காமல் படம் எடுத்து வையுங்கள். இதை வைத்து மலாயில் ஒரு பக்கக் கடிதம், முதல்வருக்கு. நகல் கட்டொழுங்கு ஆசிரியருக்கும் பிகே ஹெம்முக்கும் (மாணவர் விவகாரத் துணை முதல்வர்). இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத கடிதத்தை நாலு மாதம் கழித்து யாரும் பார்த்ததில்லை என்பார்கள்.

“நடவடிக்கை எடுங்கள்” என்று மட்டும் எழுதினால் ஒரு சபைக்கூட்ட அறிவுரையோடு முடியும். கேட்பதைத் துல்லியமாகக் கேளுங்கள். ஓய்வு நேரத்தில் அந்தக் கழிப்பறைப் பக்கம் எந்த ஆசிரியர் நிற்பார்? வகுப்பில் அவள் இடம் முன்வரிசையில் கதவோரம் ஆகுமா? பயம் வந்தால் கேள்வி கேட்காமல் எழுந்து போக ஓர் அட்டையும், போய்ச் சேர கவுன்சலிங் அறையும் கிடைக்குமா? பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னிருக்கை உறுதியா? ஒரு வாரத்துக்குள் பதில் வரவில்லை என்றால் கோலக்கங்சார் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும், கல்வி அமைச்சின் ‘அடுவான் புலி’ என்ற பகடிவதைப் புகார் தளத்துக்கும் போங்கள். அடி, மிரட்டல் இருந்தால் போலீஸ் புகார். 2025 ஜூலை 11 முதல் தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள் இதற்காகவே நடைமுறையில் இருக்கின்றன.

அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவைக் கோயிலிலோ கடைத்தெருவிலோ பிடித்துச் சண்டை போடாதீர்கள். தோட்டத்தில் அது ரெண்டு குடும்பத்துத் தகராறாகிவிடும், பள்ளி தன் பொறுப்பிலிருந்து நழுவிவிடும்.

எச்சரிக்கைக் கடிதம் தொடர்ந்து 3 நாள், அல்லது விட்டுவிட்டு 10 நாள் வராவிட்டாலே போகும். அதை வைத்து மிரளாதீர்கள், சும்மாவும் விடாதீர்கள். கிளினிக் கடிதத்தை இணைத்து, காரணத்தை எழுதிக் கொடுங்கள்.

படிப்படி:
மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஒன்று சேர்க்க வேண்டும்: பள்ளி எல்லாவற்றையும் முடித்துத் தரும்வரை வீட்டில் காத்திருக்காதீர்கள். போகாத ஒவ்வொரு நாளும் காலை 8 மணிக்கு ஒரு நிம்மதி வருகிறதே, அந்த நிம்மதிதான் பயத்துக்குச் சோறு.

இன்றே தொடங்கக்கூடியது வீட்டு நேரம். 6 மணிக்கு எழுப்புங்கள், குளித்து, சீருடை போடட்டும். பள்ளி முடியும் மணிவரை போன், டிவி, பகல் தூக்கம் இல்லை. புத்தகம், பாட்டிக்குக் கைவேலை, அவ்வளவுதான். இது தண்டனை இல்லை என்பதைப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். பள்ளி நேரம் வீட்டில் சுவாரஸ்யமாக இருந்தால் எந்தப் படியும் ஏறாது. பாட்டிகள் பாவப்பட்டு பத்து மணிக்கு மீ கோரேங் (வறுத்த நூடுல்ஸ்) கிண்டிக் கொடுப்பார்கள், அவர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

பிறகு ஏணி. பிள்ளையையே ஒவ்வொரு இடத்துக்கும் 0 முதல் 10 வரை பயமதிப்பெண் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் இப்படி வரும்: ஆளில்லாத சாயங்காலத்தில் கேட் வரை போய் 15 நிமிடம் நிற்பது 3. கவுன்சலிங் அறையில் ஒரு மணி நேரம் 5. பிடித்த ஒரு பாடம் மட்டும் 6. ஓய்வு வரை 7. ஓய்வு நேரம் 9. பஸ் 10. கீழிருந்து ஏறுங்கள். ஒரு படியில் பயம் பாதியாகக் குறையும்வரை அங்கேயே இருக்க வேண்டும்; உச்சத்தில் கூட்டிக்கொண்டு வந்தால் ஓடினால்தான் தப்பிக்கலாம் என்று உடம்பு கற்றுக்கொள்ளும். இரண்டு நாள் தொடர்ந்து 3-க்குக் கீழே இறங்கினால் அடுத்த படி. சறுக்கினால் வீட்டுக்குத் திரும்பாமல் ஒரு படி மட்டும் இறங்குங்கள். ஓய்வும் பஸ்ஸும் கடைசியில்தான், ஏனென்றால் சம்பவம் நடந்த இடமே அவை. அதுவரை வீட்டார் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடட்டும்.

திங்கட்கிழமையில் புதுப் படி வைக்காதீர்கள், செவ்வாய் நல்லது. பள்ளி விடுமுறைக்குப் பிறகு ஒரு படி இறங்கித் தொடங்குங்கள்.

விடைபெறும்போது நீட்டாதீர்கள். “பயம் வயித்துல ஏறியிருக்கு, தெரியும்மா. இன்னைக்கு ஒரு மணி நேரம்தான். பத்து மணிக்குப் பாட்டி கேட்ல நிப்பா.” சொன்ன மணிக்கு நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் தாமதமானாலும் அடுத்த நாள் ஒரு படி போச்சு.

பள்ளி மாற்றம் கடைசி வழி. பயம் அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு கூட வரும். பள்ளி எழுத்தில் எதுவும் தர மறுத்தால் மட்டும் யோசியுங்கள்.

கிளினிக் வாசல்:
வயிற்றுவலிக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை அவசியம். சனிக்கிழமை இல்லாத வலி, பத்து மணிக்கு மேல் தானாகப் போகும் வலி என்றால் பயத்தின் வலிதான். எடை குறைவது, இரவில் வலியால் விழிப்பது, காய்ச்சல், வாந்தியில் ரத்தம் இருந்தால் அப்படி எண்ணாதீர்கள். பரிசோதனை சுத்தமாக வந்தபின் தினமும் வேறு வேறு டாக்டரிடம் போகாதீர்கள். அது பிள்ளையின் கவனத்தை வயிற்றிலேயே வைக்கும்.

அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட். “பயத்தால் பள்ளிக்குப் போக மறுக்கிறாள், மூன்று வாரம்” என்று இதே வார்த்தைகளில் சொல்லி மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு உண்டு. தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை என்றதும் முகம் சுளிப்பவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். 1911-இல் திறந்த மருத்துவமனை, அவ்வளவுதான்.

தனியே கேட்டு வையுங்கள்: “செத்துப்போயிடலாம்னு தோணுச்சா?” கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் களைக்கொல்லி, பூச்சிமருந்து, பாட்டியின் மாத்திரை எல்லாம் இன்றே பூட்டுங்கள். பேச ஆள் வேண்டுமானால் தாலியான் காசே உதவித் தொலைபேசி 15999, மனநல உதவிக்கு ஹீல் தொலைபேசி 15555.

செம்பனை நிழல்:
நன்றி. பாட்டிக்கு நடக்க முடியாது. கேட்டில் பத்து மணிக்கு யார் நிற்பது?

படிப்படி:
பாட்டிதான் வேண்டும் என்றில்லை. அம்மாவின் வேலை முடியும் நேரத்துக்கு ஏணியை மாற்றுங்கள். மதியம் வரும் அம்மா 12 முதல் 1 வரை கவுன்சலிங் அறைக்குக் கூட்டிப் போகலாம். பள்ளியிடம் அந்த ஒரு மணி நேரத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாசலில் காவலாளி வழிமறித்தால் முதல் நாளே கெட்டுப்போகும்.