ஃப்ளாஜெலேஷன்: கசையடி என்று எழுதினால் தப்பா?

கரிசல்காடு: 1349-இல் கொள்ளைநோய்க்குப் பயந்து ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போய்த் தங்களையே அடித்துக்கொண்ட கூட்டத்தைப் பற்றி மொழிபெயர்க்கிறேன். இயேசு வாழ்ந்த ஆண்டுக்கணக்கை வைத்து 33½ நாள் ஊர்வலம். ஆங்கில மூலத்தில் 'ஃப்ளாஜெலேஷன்' (சாட்டையால் அடித்தல்) வருமிடமெல்லாம் 'கசையடி' என்று போட்டேன். மெய்ப்பு பார்த்தவர் சுழித்துவிட்டார். என்ன தப்பு?

பழையதாள்: தப்புதான். கசையடி என்றால் அடிப்பவன் வேறு, வாங்குபவன் வேறு. சவுக்கடியும் அப்படியே. தஞ்சைப் பண்ணையாட்களுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும் கொடுத்த மிராசுதார்களை எதிர்த்து, கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாசராவ் தலைமையில் விவசாயிகள் சங்கம் எழுந்த கதை தெரியுமல்லவா? அந்தச் சொல்லை, விரும்பி அடித்துக்கொண்டவன் முதுகில் ஏற்றாதீர்கள்.

ஈயச்சொம்பு: ஆங்கிலச் சொல்லே இரண்டுக்கும் பொதுதானே ஐயா? கற்றூணில் கட்டி இயேசுவை அடித்ததும் ஃப்ளாஜெலேஷன்தான், இவர்கள் செய்ததும் அதுதான். நம்மூரில் தெருவில் உடம்பில் அடித்துக்கொண்டு காசு கேட்பவரையும் 'சாட்டையடிக்காரர்' என்றுதானே சொல்கிறோம்? அங்கே அடிப்பவனும் வாங்குபவனும் ஒருவனே.

பழையதாள்: அது சாட்டை. நான் சொன்னது கசை. தவிர, 2024 டிசம்பரில் அண்ணாமலை கோவையில் வீட்டு வாசலில் செய்ததைச் செய்தியில் எப்படிச் சொன்னார்கள்? 'தன்னைத்தானே சாட்டையால் அடித்துக்கொண்டார்'. (அரசியல் வேண்டாம், வினையைப் பாருங்கள்.) 'கொண்டார்' இல்லாவிட்டால் யார் அடித்தது என்றே புரியாது.

ஈயச்சொம்பு: அது வாக்கியத்துக்குச் சரி. பெயர்ச்சொல் வேண்டுமென்றால்? நுண்ணுயிர் நீந்த உதவும் வால் போன்ற ஃப்ளாஜெல்லத்தை உயிரியல்காரர்கள் 'கசையிழை' என்று அழகாக முடித்துவிட்டார்கள். லத்தீனில் அதற்குச் சின்னச் சவுக்கு என்றுதான் பொருள்.

பழையதாள்: இழை யாரையும் அடிக்கவில்லையே! கரிசல்காடு, அதே 1349 அக்டோபரில் போப் ஆறாம் கிளெமெண்ட் இந்தக் கூட்டத்தைக் கண்டித்துத் தடை போட்டார். அதை எப்படி எழுதியிருக்கிறீர்கள்?

கரிசல்காடு: 'போப் கசையடியைத் தடைசெய்தார்'.

பழையதாள்: படிப்பவர் என்ன நினைப்பார்? ஏதோ கொடுந்தண்டனையை ஒழித்த புண்ணியவான் என்று.

ஈயச்சொம்பு: சரி, அந்த இடத்தில் தோற்றேன். ஆனால் 'தற்கசையடி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், மருந்துக்கடைப் பெயர் மாதிரி இருக்கிறது.

கரிசல்காடு: 'சாட்டையால் தம்மை வருத்திக்கொள்வோர்' என்று மாற்றிவிட்டேன். ஆனால் இன்னொரு அத்தியாயத்தில், பழைய தவறை நினைத்து நினைத்துப் புழுங்கும் ஒருவனையும் இதே சொல்லால் குறிக்கிறார் ஆசிரியர்.

ஈயச்சொம்பு: அதில் சாட்டையே வேண்டாம். 'தன்னையே நொந்துகொண்டான்', போதும்.

பழையதாள்: இதில் எனக்கும் சம்மதம். அங்கேயும் 'கொண்டான்' இருக்கிறது, கவனித்தீர்களா?