செஸ்ல ஃப்ரைடு லிவர்ன்ற அட்டாக்ல மாட்டிக்கிட்டேன், ஹெல்ப் பண்ணுங்க மக்களே

ஞாயித்துக்கிழமை ரேப்பிட் (வேகமா ஆடுற) செஸ் டோர்னமென்ட், மூணாவது ரவுண்டு, நான் கருப்பு, எதிர்ல ஒரு பத்து வயசு பொடியன். அவன் இட்டாலியன் ஓப்பனிங் (பிஷப்ப சி4ல வெக்கிறது), நான் டூ நைட்ஸ் (ரெண்டாவது குதிரையையும் எஃப்6க்கு கொண்டு வர்றது) ஆடினேன், அவன் குதிரைய ஜி5ல வெச்சான், நான் சிப்பாய டி5க்கு தள்ள அவன் வெட்டினதும் யோசிக்காம குதிரையால திருப்பி வெட்டிட்டேன்... அவ்ளோதான், எஃப்7ல குதிரைய பலி குடுத்துட்டு ராணி எஃப்3ல செக், என் ராஜா ஈ6 வரைக்கும் நடந்து வந்து நடு போர்டுல நிக்குது, பையன் கூலா ஜூஸ் குடிக்கிறான்.

அங்க திருப்பி வெட்டாம சி6 குதிரைய ஏ5க்கு கொண்டு போகணுமாம். அவன் பிஷப் பி5 செக், நான் சிப்பாய், சி6, வெட்டு, திருப்பி வெட்டுன்னு போனா ஒரு சிப்பாய் கம்மி, ஆனா டெவலப்மென்ட் (காய்கள வெளிய கொண்டு வர்றது) எனக்கு ஜாஸ்தின்றாங்க, சரி, அதுக்கப்புறம் என்ன ப்ளான்னே புரியல. ரெகுலரா ஆடுறவங்க யாராச்சும் சொல்லுங்களேன், இல்ல பேசாம மூணாவது மூவ்லயே குதிரைக்கு பதிலா பிஷப் சி5க்கு மாறிடவா? அடுத்த வாரமும் டோர்னமென்ட் இருக்கு, அதே பொடியன் வருவான்.